கருணை மதிப்பெண்ணிலிருந்து நூற்றுக்கு நூறு வரை

கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் 1857-இல் நிறுவப்பட்டன. அடுத்த ஆண்டு கல்கத்தாவில் நடந்த முதல் பி.ஏ. தேர்வில் எல்லாப் பாடங்களிலும் தேறியவர் ஒருவரும் இலர். பங்கிம் சந்திர சட்டோபாத்யாய், ஜதுநாத் போஸ் ஆகிய இருவருக்கு மட்டும் ஒரு பாடத்தில் கருணை மதிப்பெண் அளித்துப் பட்டம் வழங்கினர். 2021-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் இந்துக் கல்லூரி, அரசறிவியல் இளங்கலைக்கான முதற்பட்டியலில் பொதுப்பிரிவினரிடம் 100 விழுக்காடு கேட்டது. இடைப்பட்ட 163 ஆண்டுகளில் மாணவரின் அறிவு இந்த அளவுக்குப் பெருகிவிட்டதா? மாறியது அறிவன்று, மதிப்பெண் செய்யும் வேலை என்பதே என் கருத்து.

தொடக்ககாலப் பல்கலைக்கழகங்கள் நுழைவுத் தேர்வைத் தாமே நடத்தின. கல்லூரிப் பாடத்தைப் பின்தொடரும் ஆற்றல் மாணவருக்கு உண்டா என்பதே அத்தேர்வின் கேள்வி. அங்கே மதிப்பெண் ஒரு வாயிற்படி. ஒருவர் ஏறுவதால் இன்னொருவர் கீழே விழுவதில்லை. கருணை மதிப்பெண்ணுக்கு இடமிருந்ததும் அதனால்தான்.

விண்ணப்பதாரர் பெருகி இடங்கள் போதாதபோது வாயிற்படி வரிசையாகிறது. வரிசையில் ஒருவருக்குக் காட்டும் கருணை, அவருக்குப் பின்னால் நிற்பவருக்கு இழப்பு. 2017-இல் மதிப்பெண் சீராக்கும் முறையைக் கைவிட சி.பி.எஸ்.இ. முனைந்தபோது எழுந்த வழக்கை இவ்வாறுதான் புரிந்துகொள்ள முடியும். அவ்வாண்டுக்கு அம்முறை தொடர வேண்டுமெனத் தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. விதி நடுவழியில் மாறினால் வரிசையில் தம் இடம் என்னாகும் என்பதே மாணவரின் அச்சம்.

தில்லியின் 'கட்-ஆஃப்' அவ்வரிசையின் உச்சம். 2011-இலேயே ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி, பள்ளியில் வணிகவியல் பயிலாதோருக்கு 100 விழுக்காடு என அறிவித்து நாட்டைத் திகைக்கச் செய்தது. அந்த எண்ணைத் தகுதியின் அளவாகக் கொள்வது பிழை. எல்லையைத் தொட்ட எவரையும் கல்லூரி மறுக்கலாகாது என்பது அப்போதைய விதி. எல்லையைத் தாழ்த்தினால் இடங்களைவிட மாணவர் மிகுந்துவிடுவர். ஆகவே அது எத்தனை பேர் வருவர் என்ற கல்லூரியின் கணிப்பு மட்டுமே. சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் 95 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றோர் 2020-இல் 38,000-க்கு மேற்பட்டோர். பெருந்தொற்றால் தேர்வே நடவாத 2021-இல் 70,000-க்கு மேற்பட்டோர். தில்லிப் பல்கலைக்கழகத்தின் இளங்கலை இடங்களும் ஏறத்தாழ 70,000 தாம்.

2022-இல் கியூட் எனும் பொது நுழைவுத் தேர்வு வந்தது. வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்களை ஒரே தராசில் நிறுக்கும் முரண் அதனால் நீங்கியது உண்மை. ஆனால் வரிசை நீங்கவில்லை. அதை அமைக்கும் கருவிதான் மாறியது. நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவுசெய்யும் தேர்வில், ஒரு வாதத்தைக் கட்டி எழுதும் திறனுக்கு இடமில்லை. பொறியியலிலோ ஊசல் எதிர்த்திசையிலும் ஆடியிருக்கிறது. 2013 முதல் 2016 வரை ஜே.இ.இ. மெயின் தரவரிசையில் பள்ளி மதிப்பெண்ணுக்கு 40 விழுக்காடு எடை இருந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது. பள்ளியை நம்பாதபோது தேர்வையும், தேர்வை நம்பாதபோது பள்ளியையும் நாடுவது நம் வழக்கமாகிவிட்டது.

இவ்விரண்டுக்கும் அப்பால் ஒரு கேள்வியை ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் எழுப்பியது: இம்மதிப்பெண் எங்கிருந்து வருகிறது? பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருவோருக்கு 1970-களில் அங்கே கூடுதல் புள்ளிகள் அளிக்கப்பட்டன. 1983-இல் அம்முறை கைவிடப்பட்டு 1994-இல் மீண்டது; பின்னர்ப் பெண்களுக்கும் புள்ளிகள் கிடைத்தன. நூலகமில்லாத ஊரில் பெற்ற அறுபதும் பெருநகரப் பயிற்சி மையத்தின் துணையோடு பெற்ற எழுபதும் ஒரே அளவுகோலுக்கு உரியவை அல்ல என்பதை நிறுவன விதியாகவே ஏற்ற அரிய முயற்சி அது.

எந்தத் தேர்வு நியாயமானது என்று வாதிடுமுன், நாம் வாயிற்படியைப் பற்றிப் பேசுகிறோமா வரிசையைப் பற்றியா எனத் தெளிவது நன்று. 98 பெற்றவர் 97 பெற்றவரைவிட அறிவாளி என்று எந்த ஆசிரியரும் வகுப்பறையில் சொல்லத் துணியமாட்டார். ஆயினும் சேர்க்கைப் பட்டியல் ஆண்டுதோறும் அதைத்தான் சொல்கிறது. இடப் பற்றாக்குறை சொல்லவேண்டியதை மாணவரின் தகுதிக் குறைவாகச் சொல்வதே அதன் பெருங்குறை. நாளை தேர்வுக் குழுக்களில் அமரப்போகும் நாமேனும் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டாமா?