பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற கதை

மார்கழி பாதி தாண்டினா டவுன்ல இருக்கிற நண்பர்கள்கிட்ட இருந்து ஒரே கேள்விதான் வரும். "பண்டிகைக்கு வீட்டைப் புதுசா காட்டணும், கையைக் கடிக்காம என்ன பண்ணலாம்?" புது ஸ்கிரீன், குஷன் உறை, சுவர்ல ஒட்டுற ஸ்டிக்கர்னு அவங்களே ஒரு பட்டியலும் வெச்சிருப்பாங்க. எங்க கொங்குப் பக்கம் இதுக்குப் பரம்பரையா ஒரே பதில்தான்: ஒரு கூடை சுண்ணாம்பு, ஒரு கைப்பிடி காவி, ஒரு சிட்டிகை நீலம். இதைவிட மலிவான அலங்காரம் இன்னைக்கும் கிடையாது. ஆனா இது வெறும் அலங்காரமா மட்டும் இருந்ததில்லைங்க. அதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

சுவருக்குச் சுண்ணாம்பு பூசுறது நம்ம நாட்டுக்குப் புதுசு இல்ல. பழைய தமிழ்ல அதுக்குச் 'சுதை'ன்னு பேரு. சங்க நூலான நெடுநல்வாடையில, பாண்டியன் அரண்மனைச் சுவர் சுதை பூசி வெள்ளி மாதிரி மின்னுச்சுன்னு வருது. கவனிச்சுப் பாருங்க, அந்தப் பாட்டே மழையும் வாடையும் அடிக்கிற குளிர் காலத்துப் பாட்டு. பிற்காலத்துல கிளிஞ்சல் சுண்ணாம்போட தயிர், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைச்சுத் தேய்ச்ச மெட்ராஸ் சுவர்களைப் பார்த்துட்டு, பளிங்கு மாதிரி இருக்குன்னு வெள்ளைக்காரங்க எழுதி வெச்சாங்க. 'சுனாம்'னு ஆங்கிலத்துக்குப் போனது நம்ம சுண்ணாம்புதான்.

அதெல்லாம் பெரிய இடத்துக் கதை. குடியானவன் வீட்டுல மண் சுவர், சாணி மெழுகின தரை. அவனுக்குக் கட்டுப்படியானது மெல்லிசா கரைச்ச சுண்ணாம்புத் தண்ணி மட்டும்தான். தேய்ச்சு மெருகேத்த ஆளும் கிடையாது, பணமும் கிடையாது. அதனாலதான் வருசா வருசம் அடிக்க வேண்டியதாச்சு.

சுண்ணாம்பு எங்க இருந்து வந்துச்சு? கடலோரத்துல கிளிஞ்சலைச் சுட்டாங்க. உள்நாட்டுல சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாங்க. எங்க தோட்டத்துல ஏர் ஓட்டினா கொழுவுல இடிக்கிற சுக்காங்கல்லும் ஒரு சுண்ணாம்புக்கல்தான். ஆனா அது கலங்கலா இருக்கும், கட்டடக் காரைக்குத்தான் ஆகும். வெள்ளையடிக்கணும்னா கிளிஞ்சலோ நல்ல வெள்ளைக்கல்லோ வேணும். சுடுற சூளைக்குக் காளவாய், காளவாசல்னு பேரு. மதுரைக்காரங்க தினமும் பஸ்ல கடக்கிற காளவாசலும், சென்னையில பள்ளிக்கரணை பக்கம் இருக்கிற சுண்ணாம்பு கொளத்தூரும் அந்தத் தொழிலோட பேரைத்தான் இன்னும் சுமந்துட்டு இருக்கு.

கல்லை 900 டிகிரிக்கு மேல சுட்டா அதுல இருக்கிற கரியமில வாயு வெளியேறிடும். சுட்ட கல்லுல தண்ணி ஊத்தினா புகைஞ்சு கொதிக்கும். அதைக் கரைச்சுச் சுவர்ல அடிச்சா, காத்துல இருக்கிற கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துக்கிட்டு மறுபடியும் கல்லாவே மாறிடும். அதாவது வருசத்துக்கு ஒரு தடவை நம்ம முன்னோர் மண் சுவருக்கு ஒரு மெல்லிய கல் தோல் போர்த்திட்டு வந்திருக்காங்க.

இதை ஏன் தை மாசத்துக்கு முன்னாடி செஞ்சாங்க? போகிங்கிறதால மட்டும்னு நினைக்காதீங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில சுவர் ஊறி, பாசி பிடிச்சு, அடிப்பக்கம் கரைஞ்சிருக்கும். மார்கழிக் கடைசியில மழை விட்டுடும், வெயிலும் சுள்ளுனு ஏறியிருக்காது. சுண்ணாம்பு மெதுவாக் காயணும். சித்திரை வெயில்ல அடிச்சா சட்டுனு உலர்ந்து, தொட்டாலே மாவா உதிரும். இன்னொரு காரணம் விவசாயி வீட்டுக்கே உரியது. புது நெல்லு வீட்டுக்குள்ள வரப் போகுது. சுண்ணாம்போட காரத்துல பூஞ்சணம் நிக்காது. சுவர்ப் பொந்துல ஒளிஞ்சிருக்கிற பூச்சியும் குறையும். குதிருக்குப் பக்கத்துச் சுவரையும் மாட்டுக் கொட்டாயையும் விடாம அடிக்கச் சொன்னது இதுக்குத்தான்.

அரசாங்கமும் இதையே பின்னாடி சட்டமாப் போட்டுச்சு. பம்பாயில 1896-ல பிளேக் பரவினப்போ வீடு வீடாச் சுண்ணாம்பு அடிச்சாங்க. 1948-ஆம் வருசத் தொழிற்சாலைச் சட்டத்துல, பெயிண்ட் அடிக்காத உள்சுவருக்கு 14 மாசத்துக்கு ஒரு தடவையாவது வெள்ளையடிக்கணும்னு எழுதியிருந்துச்சு. எங்க அம்மாயி எந்தச் சட்டமும் படிச்சதில்லை. அவங்க கணக்கு 12 மாசம்.

வேலை பெரும்பாலும் பொம்பளைங்க தலையிலதான். பனை மட்டையோட அடியை நசுக்கி நாராக்கினா அதுதான் பிரஷ். மூணு நாள் அடிச்சா விரல் இடுக்கெல்லாம் வெந்து போயிரும். தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டு, அடுத்த நாள் அதே கையில பொங்கலுக்கு அரிசி புடைப்பாங்க. பழசைப் புகழும்போது இந்தக் கையையும் சேர்த்து நினைக்கணும்.

வெள்ளை காஞ்சதும் சுவர் அடியில காவிப் பட்டை. மழைத்தண்ணி தெறிச்ச கறை தெரியாம மறைக்கிறதும் அந்தப் பட்டைதான். மிச்சக் காவி வாசல் கோலத்துக்கும் மாட்டுக் கொம்புக்கும் போகும். போகியன்னைக்கு வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூணையும் சேர்த்து வாசல்லயும் தோட்டத்துலயும் காப்புக் கட்டுவோம். பத்துப் பைசா செலவில்லாம வேலியோரத்துல கிடைக்கிறது. வெள்ளைச் சுவர்ல அந்த மஞ்சப் பூ நிக்கிற அழகை எந்த ஸ்டிக்கர்லயும் கொண்டுவர முடியாதுங்க.

அப்புறம் இது எப்படிப் போச்சு? இந்தியாவுல சிமெண்ட் செஞ்சு பார்த்த முதல் முயற்சி 1904-ல மெட்ராஸ்லதான் நடந்துச்சு, அதுவும் கிளிஞ்சலை வெச்சு. அது நிலைக்கல. 1914-ல போர்பந்தர்ல தொழில் காலூன்றிச்சு. 1930-கள்ல கோயமுத்தூருக்குப் பக்கத்துல மதுக்கரைக்கே ஆலை வந்துச்சு. காளவாய்க்குப் போன கல்லு சிமெண்ட் மூட்டைக்குப் போச்சு. இன்னொரு பக்கம் 1942-ல பம்பாயில ஏசியன் பெயிண்ட்ஸ் ஆரம்பிச்சாங்க. 1954-ல ஆர்.கே. லக்ஷ்மண் வரைஞ்ச கட்டுங்கிற பையன் பெயிண்ட் டப்பாவோட ஊர் ஊராப் போனான். டிஸ்டெம்பர் வந்துச்சு, எமல்ஷன் வந்துச்சு. ஒரு தடவை அடிச்சா நாலஞ்சு வருசம் கவலையில்லைன்னாங்க. வெந்த கையோட இருந்தவங்க அதைக் கேட்டு நிம்மதியானதுல தப்பே இல்ல.

ஆனா மண் சுவருக்கு அது ஒத்துவரல. மண் சுவர் தரையில இருந்து ஈரத்தை உறிஞ்சும், வெளியவும் விடும். சுண்ணாம்பு அந்த ஈரத்துக்கு வழி விடும். பிளாஸ்டிக் பெயிண்ட் வழியை அடைச்சிடும். எங்க பெரியம்மா வீட்டு ஆசாரத்துச் சுவர்ல எமல்ஷன் அடிச்ச ரெண்டாவது மழைக்கே கொப்புளம் கொப்புளமாக் கிளம்பி, பெயிண்ட்டோட சேர்ந்து ஒரு விரக்கடை மண்ணும் உதிர்ந்துச்சு. எண்பது வருசம் நின்ன சுவருங்க அது. இப்படித்தான் எங்க ஊர்ல ஒவ்வொரு மண் வீடா 'பழசாயிருச்சு'ன்னு இடிபடுது.

நீங்க செஞ்சு பார்க்கணும்னா அளவு இதோ. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக் கல்லுக்கு 5 லிட்டர் தண்ணி. இரும்பு டிரம்லயோ மண் தொட்டியிலயோ தண்ணியை ஊத்திட்டு, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க. கொதிச்சுத் தெறிக்கும், கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், குழந்தைங்க பக்கத்துல வேண்டாம். 24 மணி நேரம் ஊறவிட்டுத் துணியில வடிகட்டுங்க. சுடுதண்ணியில கரைச்ச பசை 20 கிராம், நீலம் 3 கிராம் சேருங்க. ஏற்கெனவே எமல்ஷன் அடிச்ச சுவர்ல இது பிடிக்காது. காம்பவுண்டு சுவர், மொட்டை மாடி, பெயிண்ட் படாத பூச்சுச் சுவருக்குத்தான் ஆகும். சுவரைத் தண்ணியில நனைச்சுட்டு, மெல்லிசா ரெண்டு மூணு தடவை அடிங்க.

அடிச்ச உடனே பார்த்தா தண்ணி தெளிச்ச மாதிரிதான் இருக்கும், வெளுக்கவே இல்லையேன்னு தோணும். மேல மேல அப்பிடாதீங்க. ராத்திரி காய விட்டுட்டு விடியக்காலம் வந்து பாருங்க.