சண்டிகேசுவரருக்குக் கிடைச்ச மாலை



நம்ம கோயில் இளைஞர் பகுதி இந்த வருஷத்துச் சிறந்த தொண்டரைத் தேர்ந்தெடுக்கப் போகுது. வாட்சாப் குழுவுல ஒரு அன்பர் கேட்டிருந்தார்: "சாமிக்குச் செய்யிற தொண்டுக்கு விருது எதுக்கு?" நியாயமான கேள்விதான். ஆனா தொண்டு செஞ்ச ஒரு சின்னப் பையனுக்கு சிவபெருமானே மாலை சூட்டியதா நம்ம பெரியபுராணம் சொல்லுதே!

சிவன் சன்னதியை வலம் வரும்போது, அபிஷேகத் தண்ணி விழுற கோமுகிக்குப் பக்கத்துல சின்னதா ஒரு சன்னதி இருக்கும். கையைத் தட்டிட்டு நகர்ந்திடுவோம். அவர்தான் சண்டிகேசுவரர். இயற்பெயர் விசாரசருமர். சோழநாட்டுச் சேய்ஞலூர்ல பிறந்தவர். மாடு மேய்க்கிறவன் பசுவை அடிக்கிறதைப் பார்த்துட்டு, "இனிமே நானே மேய்க்கிறேன்" என்று பொறுப்பை ஏத்துக்கிட்டார். மண்ணியாற்றங்கரையில மணல்ல லிங்கம் அமைச்சு, பசுக்கள் தானா சொரிஞ்ச பாலால அபிஷேகம் செஞ்சார். யாரும் அவரைச் செய்யச் சொல்லல.

பாலை வீணாக்குறான்னு ஊர்ல புகார் போச்சு. அப்பா வந்து அடிச்சார், பால்குடத்தைக் காலால உதைச்சார். பையன் எடுத்த கோல் மழுவாகி அந்தக் காலை வெட்டிடுச்சு. இந்த இடத்துக்குப் பெரியவங்க நிறைய விளக்கம் சொல்லியிருக்காங்க. நான் சொல்ல வந்தது அதுக்கு அடுத்து நடந்தது. சிவபெருமான் தோன்றி, "இனி நானே உனக்குத் தந்தை" என்று ஏற்றுக்கொண்டு, தன் தலையில இருந்த கொன்றை மாலையை எடுத்து அவருக்குச் சூட்டினார். அதோட தொண்டர்களுக்கெல்லாம் தலைமைப் பதவியும் கொடுத்தார். சண்டீசன் என்பது அந்தப் பதவியோட பேரு.

முதலாம் இராஜேந்திர சோழன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம் கோயில்ல இந்தக் காட்சி சிலையா இருக்கு. பக்கத்துல அம்பாள் இருக்க, சிவன் தன் கையாலேயே சண்டேசர் தலையில மாலையைச் சுற்றுவார். செதுக்கி சுமார் 1,000 வருஷம் ஆச்சு.

இன்னொன்னும் கவனிக்கணும். சோழர் காலக் கல்வெட்டுகள்ல கோயில் நிலத்தை வாங்குறது, விற்கிறது எல்லாம் ஆதிசண்டேசுவரர் பேர்லதான் நடந்திருக்கு. மாலை வாங்கினவர் கிட்டயே கோயில் சொத்தோட பொறுப்பையும் நம்பிக் கொடுத்திருக்காங்க!

அடுத்து சுந்தரர். திருவாரூர்ல அவர் பாடின திருத்தொண்டத் தொகை 11 பாட்டு. முழுக்க அடியார்களோட பேருதான். அதுல மன்னர்களும் இருக்காங்க. கண் தெரியாமலே கயிற்றைப் பிடிச்சுக்கிட்டுக் குளம் தோண்டின தண்டியடிகள், அடியார்களோட துணியைத் துவைச்சுக் கொடுத்த திருக்குறிப்புத் தொண்டர், பூமாலை கட்டின முருக நாயனார், விளக்கு எரிச்ச கணம்புல்லர், இவங்களும் அதே வரிசையில இருக்காங்க. பின்னால 12ஆம் நூற்றாண்டுல சேக்கிழார் பெரியபுராணம் பாடினப்போ, ஒவ்வொருத்தர் செஞ்ச தொண்டையும் விவரமா எழுதி வச்சார். அதனாலதான் இன்னைக்கும் நாம குருபூசை எடுக்கிறோம்.

இப்ப நம்ம கோயிலுக்கு வருவோம். உபயகாரர் பேரு பளிங்குல இருக்கு, இருக்கட்டும். அன்னதானத்துக்கு விடியக்காலையில காய் நறுக்கின பிள்ளை, தைப்பூசத்துல தண்ணீர்ப் பந்தல் முடிஞ்சு குப்பை அள்ளின பிள்ளை, இவங்க பேரு எங்க இருக்கு? போட்டோவுல நிக்கிறவங்களை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தா இவங்க நம்ம கண்ணுல படவே மாட்டாங்க.

என் கருத்து இதுதான். மேடையில பேரை மட்டும் வாசிக்காம, அந்தப் பிள்ளை என்ன தொண்டு செஞ்சதுன்னு சபையில சொல்லுங்க. கேடயத்தோட நிறுத்தாம, அன்னதானக் கணக்கையோ பொருள் அறைச் சாவியையோ நம்பிக் கொடுங்க. நிர்வாகக் கூட்டத்துல உட்கார வச்சுப் பேச விடுங்க. கேடயம் வாங்கின பிள்ளைங்க அடுத்த வருஷம் கோயில் பக்கமே வரலன்னு நாம வருத்தப்படுறோமே, அவங்களுக்கு நாம என்ன பொறுப்பைக் கொடுத்தோம்?

அடுத்த முறை சண்டிகேசுவரர் சன்னதியில கொஞ்ச நேரம் நில்லுங்க. பக்கத்துல உங்க பிள்ளை இருந்தா இந்தக் கதையைச் சொல்லுங்க.

திருச்சிற்றம்பலம்.