உள்நாக்கும் கழுத்தளவும்

1846-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் ஈதரின் ஆற்றல் பலரறிய மெய்ப்பிக்கப்பட்டது. ஆயினும் மயங்கிக் கிடப்பவரின் மூச்சுக்கு யார் பொறுப்பு என்னும் கேள்வி கூர்மை பெற்றது ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்தே. 1942-இல் மான்ட்ரியலைச் சேர்ந்த ஹெரால்டு கிரிஃபித், தென் அமெரிக்க வேடர்கள் அம்பு நுனியில் தடவிவந்த க்யூராரே நஞ்சைத் தசை தளர்த்தும் மருந்தாக அறுவை மேசைக்குக் கொணர்ந்தார். வயிற்றுத் தசையோடு மூச்சுத் தசையும் தளரும். அந்தக் கணம் முதல் முகமூடி வழியாகவோ, குரல்வளைக்குள் செருகிய குழாய் வழியாகவோ மருத்துவரே காற்றைச் செலுத்தியாக வேண்டும்.

பருத்த உடலினருக்கு இதற்கான அவகாசமும் சுருங்கிவிடுகிறது. மல்லாந்து படுக்கையில் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ள, நுரையீரலில் எஞ்சி நிற்கும் காற்றின் இருப்பு குறைகிறது. இரத்தத்தில் பிராணவாயுவின் அளவு விரைந்து சரிகிறது. யாருக்குக் குழாய் செருகுவது கடினம் என்பதை முன்கூட்டியே அறிய மருத்துவர்கள் தவித்ததன் காரணம் இதுவே.

1985-இல், அதே பாஸ்டனில் பணியாற்றிய ஆந்திரத்தவரான சேஷகிரி ராவ் மல்லம்பட்டி, கருவி எதுவும் வேண்டாத ஒரு சோதனையை 210 நோயாளிகளிடம் செய்து வெளியிட்டார். அமர்ந்தபடி வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டச் சொல்ல வேண்டும். உள்நாக்கும் மெல்லண்ணமும் எவ்வளவு தெரிகின்றன என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அவர் வகுத்த மூன்று படிகளோடு சாம்சூன், யங் இருவரும் 1987-இல் நான்காவதைச் சேர்த்தனர்.

அப்படியானால் எடை? 2002-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த பிராட்ஸ்கி குழுவினர் மிகப் பருத்த 100 பேரை ஆராய்ந்தனர். உடல் எடையோ உடல் நிறைக் குறியீடோ சிக்கலைச் சுட்டவில்லை. சுட்டியவை இரண்டே: மல்லம்பட்டியின் படியும், தையற்காரர் நாடாவால் அளக்கக்கூடிய கழுத்தின் சுற்றளவும். கழுத்து 40 செ.மீ. எனில் சிக்கலுக்கான வாய்ப்பு 5 விழுக்காடு. 60 எனில் 35. மறு ஆண்டே பாரிஸிலிருந்து வந்த ஆய்வோ, மெலிந்தோரில் 2.2 விழுக்காட்டினருக்கும் பருத்தோரில் 15.5 விழுக்காட்டினருக்கும் குழாய் செருகுவது கடினமாயிற்று என்றது. இவ்விரண்டும் முரண்படுவதாக நமக்குத் தோன்றவில்லை. பருமன் ஒரு கூட்டத்தைச் சுட்டிக்காட்டும். அக்கூட்டத்தில் எவர் என்று அது சொல்லாது. பாரிஸ் ஆய்விலும் பருத்தோரைப் பிரித்துக் காட்டியது வாய்த் தோற்றமே.

இந்த முன்னறிவிப்புகள் அன்றாடத்தில் எவ்வளவு பலித்தன என்பதை எண்ணிப் பார்த்தவர்கள் டென்மார்க்கினர். எல்லா உடல்வாகினரும் அடங்கிய 1,88,064 பேரின் பதிவுகள் 2015-இல் வெளியாயின. கடினமாய் முடிந்த 3,391 நேர்வுகளில் 3,154 எவரும் எதிர்பாராதவை. கடினம் என்று அஞ்சிய 929-இல் உண்மையில் கடினமானவை 229 மட்டுமே. சோதிடம் கூட இதைவிட நன்றாகப் பலிக்குமோ என்று எண்ணத் தோன்றும்.

எனவே அறுவை அரங்குகளில் பருத்த நோயாளி எவராயினும், குறி எதுவாயினும், சில ஆயத்தங்கள் வழக்கமாயின. மயக்குமுன் சில நிமிடங்கள் முகமூடி வழியே பிராணவாயு ஊட்டுகின்றனர். 2004-இல் ஸ்டான்ஃபோர்டினர் ஒப்பிட்டுக் காட்டியவாறு, தலைக்கும் தோளுக்கும் அடியில் மடித்த துணிகளை அடுக்கி, காதுத்துளை மார்பெலும்பின் உச்சிக்கு நேராக வரும்வரை உயர்த்துகின்றனர்.