பசியாறிய வரலாறு: தோட்டத்து அடுப்பும் தமிழ்ப்பள்ளியும்



"பசியாறியாச்சா?" காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் நம் வாயில் முதலில் வருகிற வார்த்தை இதுதானே! பேருந்து நிறுத்தத்திலும் கேட்கிறோம், கடைத்தெருவிலும் கேட்கிறோம். மலேசியத் தமிழர்களாகிய நமக்குக் காலை உணவின் பெயரே பசியாறுதல் என்று நிலைத்துவிட்டது. பசித்த காலம் ஒன்று இருந்ததனால்தான் பசியாறுவதைப் பெரிதாக விசாரிக்கும் பழக்கம் நம்மிடம் இவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பது என் எண்ணம். பரிசளிப்பு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தரும்படி கேட்டபோது, அரசர்களின் வரலாற்றை விட்டுவிட்டு, நம் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் அடுப்பெரிந்த வரலாற்றையும், அதனோடு தமிழ்ப்பள்ளி வளர்ந்த வரலாற்றையும் சொல்லலாம் என்று எண்ணினேன். இவை இரண்டும் தனித்தனிக் கதைகள் அல்ல என்பதைப் படித்து முடிக்கும்போது நீங்களே உணர்வீர்கள்.

பால்மரம் வந்தது, நாமும் வந்தோம்

ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே இருக்கிறது நம் சிற்றூர். சுங்கை சிப்புட் என்றால் மலாய் மொழியில் நத்தை ஆறு என்று பொருள். 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த இரப்பர் கன்றுகளில் சில, பக்கத்திலுள்ள கோலகங்சாரில்தான் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். நம் பாட்டன் முப்பாட்டன் கப்பலேறி வந்ததற்குக் காரணமான மரம் அல்லவா அது!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகவே இரப்பருக்குக் கிராக்கி வந்தது. காடுகள் தோட்டங்களாயின. கங்காணிமார் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார்கள். வந்தவர்களுக்கு லயத்தில் ஓர் அறை. பின்புறம் ஓர் அடுப்பு. விடியும் முன்னே பெரட்டுக்குப் போயாக வேண்டும். முதல் நாள் இரவு தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு, ஒரு பச்சை மிளகாய் அல்லது சுட்ட கருவாடு, ஒரு குவளை வரக்காப்பி. அதுதான் பசியாறல். பால் வெட்டி, பால் எடுத்து, கொட்டகையில் ஊற்றிவிட்டு வரும்போது பொழுது உச்சிக்கு வந்துவிடும். அதற்குப் பிறகுதான் சோறும் குழம்பும்.

கையிலே ரொக்கம் இருப்பது அபூர்வம். கடைக்காரரிடம் 555 புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டுச் சாமான் வாங்கி, சம்பளத்தன்று தீர்ப்பார்கள். ஆனால் காசு கொடுக்காமல் கிடைத்ததும் நிறைய உண்டு. லயத்துப் பின்புறத்தில் முருங்கை, கறிவேப்பிலை, வாழை, மழை பெய்தால் மரத்தடியில் காளான், ஆற்றிலே மீன். ஒரு வீட்டில் காளான் குழம்பு என்றால் பக்கத்து நான்கு வீட்டுக்கும் கிண்ணம் போகும். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கலாகாது என்பது எழுதாத சட்டம்.

பத்துப் பிள்ளைகளும் ஒரு கொட்டகையும்

இந்நாட்டில் தமிழ்க் கல்வி 1816ஆம் ஆண்டு பினாங்கு ஃபிரீ பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்கு எழுத்து வந்து சேர இன்னும் நூறாண்டுகள் ஆயின. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று விதித்தது. பல தோட்டங்களில் பள்ளி என்பது பெயருக்குத்தான்! கோயில் மண்டபத்தின் ஓரமோ, ஆயாக்கொட்டகையின் ஒரு பகுதியோ வகுப்பறையாயிற்று. கிராணியோ, எழுத்துத் தெரிந்த கங்காணியோ தம் வேலை முடிந்தபின் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் காலையில் அம்மாவோடு மங்கு துடைக்கப் போய்விட்டு அதன்பின் எழுதப் படிக்க வந்தார்கள்.

அந்த வாத்தியாருக்குக் கிடைத்த சம்பளம் சொற்பம். அவரைத் தாங்கியது யார்? லயத்துத் தாய்மார்கள்தாம். கீரைக்கட்டு, முருங்கைக்காய், நாலு முட்டை, தீபாவளியென்றால் ஒரு தட்டு முறுக்கு. கைம்மாறாக வாத்தியார் ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். வந்த கடிதத்தைப் படித்துக் காட்டினார். இப்படியாக அடுப்பும் பள்ளியும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்ற பெயர் பிற்பாடு வந்தது. அதன் வேலையை அந்தத் தாய்மார்கள் முன்பே செய்துவிட்டார்கள்.

மரவள்ளிக் காலம்

1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கும் மேல் பர்மா, சயாம் போன்ற நாடுகளிலிருந்து வாங்கிய நாடு. கப்பல் நின்றதும் சோறும் நின்றது. இரப்பரை வாங்க ஆளில்லை, வேலையும் இல்லை. மரவள்ளிக்கிழங்குதான் சோறாயிற்று. அவித்துத் தின்றார்கள், மாவாக்கி ரொட்டி சுட்டார்கள், அதன் இலையைக்கூடக் கீரையாகக் கடைந்தார்கள். இன்று நாம் கடையில் ஆசைக்கு வாங்கித் தின்கிற மரவள்ளிப் பலகாரம், நம் பாட்டிமார்க்கு ஆசைப்பண்டம் அல்ல, உயிர்ப்பண்டம்.

அதைவிடப் பெரிய துயரம் சயாம்–பர்மா ரயில் பாதை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. காலராவும் பட்டினியும் அவர்களை விழுங்கிவிட்டன. லயத்தில் மிஞ்சிய பெண்கள், ஆண் துணையில்லாமல் கிழங்கு நட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். மாணவர்களே, போரில் வென்றவர்களின் பெயரைப் பாடநூலில் படிக்கிறீர்கள். கிழங்கு நட்டவர்களின் பெயர் எந்த நூலிலும் கிடையாது. அது உங்கள் வீட்டில்தான் கிடைக்கும்.

கம்பி வேலிக்குள் சோறு

போர் முடிந்து மூன்று ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை. 16-6-1948 அன்று நம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் அது நீடித்தது. இந்த நாட்டு வரலாற்றில் நம் சின்ன ஊரின் பெயர் இடம் பெற்றது இப்படித்தான்.

காட்டில் இருந்தவர்களுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பது அரசாங்கத்தின் திட்டம். ஆகவே தோட்டத்து லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி எழுந்தது. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. வாசலில் ஆணையும் பெண்ணையும் சோதித்துத்தான் வெளியே விட்டார்கள். பால் வெட்டப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போகக்கூடாது என்ற தடையும் பல இடங்களில் இருந்தது. கடையில் வாங்கும் சார்டின் டின்னைக்கூட ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள், பதுக்கி வைக்க முடியாதபடி! சில இடங்களில் வீட்டில் உலை வைக்கவே அனுமதி இல்லை. பொதுவிடத்தில் சமைத்த சோற்றையே வாங்கிக்கொள்ள வேண்டும். சமைத்த சோறு சீக்கிரம் கெட்டுவிடும் அல்லவா? அதுதான் காரணம். வெறும் வயிற்றோடு மரமேறும் வெயில் வரை வேலை செய்தவர்கள் நம் பெற்றோரைப் பெற்றவர்கள்.

இவ்வளவு நெருக்கடிக்கு நடுவிலும் நம் ஊர் பள்ளி கட்டியது. 1954ஆம் ஆண்டில், அவசரகாலம் நடந்துகொண்டிருக்கும்போதே, சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்தது. இவ்வூரில் 1919இல் பிறந்து, பின்னாளில் அமைச்சராகவும் துன் விருது பெற்றவராகவும் உயர்ந்த வீ.தி. சம்பந்தன் அவர்கள் தம் தந்தையார் விட்டுச் சென்ற பொருளைக் கொண்டு அதைக் கட்டினார். திருமதி விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்தார். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதும் அதே 1954இல்தான். வயிறு பாதி நிறைந்திருந்த காலத்தில் நம்மவர்கள் சங்கமும் பள்ளியும் வேண்டும் என்று நினைத்தார்கள். இதை நாம் மறந்துவிடலாகாது.

ஊர் கூடிச் சமைத்த உணவு

சுதந்திரத்திற்குப் பிந்திய தோட்ட வாழ்க்கையை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். மாரியம்மன் திருவிழா என்றால் முதல் நாள் இரவே காய்கறி நறுக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆண்கள் அண்டாவில் சோறு வடிப்பார்கள். ஆடி மாதத்தில் கூழ் ஊற்றுவார்கள். தீபாவளிக்கு நாலைந்து குடும்பம் சேர்ந்து ஆடு வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளும். பொங்கலன்று லயத்து வாசல்தோறும் பானை பொங்கும். தோரணம் கட்டுவது, கோலமிடுவது, மேடையில் நாடகம் போடுவது எல்லாம் பள்ளிப் பிள்ளைகளின் பொறுப்பு. பள்ளிக்கூட மேசை நாற்காலி கோயிலுக்குப் போகும். கோயில் அண்டா பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு வரும்!

அக்கம்பக்கத்தாரிடம் கற்றுக்கொண்டதும் நம் சமையலில் உண்டு. நெய்ச்சோற்றில் பாண்டான் இலை போடுகிறோம். சம்பாலில் பெலாச்சான் சேர்க்கிறோம். கங்கோங் கீரையைப் பிரட்டுகிறோம். நம்மிடமிருந்து மலாய்க்காரரும் சீனரும் கறித்தூளை எடுத்துக்கொண்டார்கள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக்கும் தோசையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது ஒரு நூற்றாண்டுப் பழக்கத்தின் விளைவு. இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் ஒற்றுமை பற்றித் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

லயம் போச்சு, பள்ளி இருக்கு

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது வேலையும் வீடும் ஒருசேரப் போயின. அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே மாதாமாதம் சிறு தொகை கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். ஆயினும் காலம் நிற்கவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். பிறகு தோட்டம் போய் வீடமைப்புத் தாமான் வந்தது. லயங்கள் இடிந்தன. அடுப்படிகள் இருந்த இடம் தெரியவில்லை. மக்கள் திசைக்கு ஒருவராகச் சிதறினார்கள்.

1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. மூடப்பட்டவை சில, பக்கத்துப் பள்ளியோடு இணைக்கப்பட்டவை சில. எஞ்சியவற்றுள் பல, 150 பிள்ளைகளைக்கூட எட்டாத குறைந்த மாணவர் பள்ளிகள். தோட்டமே இல்லாமல் போனபின்பும் தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்பது அந்தப் பள்ளி ஒன்றுதான். மாரியம்மன் கோயிலை விட்டால், சிதறிப்போன ஊர் மறுபடி ஒன்று கூட வேறு இடம் ஏது? எண்ணிப் பாருங்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை நாட்டரசும் உணர்ந்தது. 1979இல் பள்ளிகளில் துணை உணவுத் திட்டம் வந்தது. 1983இல் பால் திட்டமும் வந்தது. வாத்தியாருக்குக் கீரைக்கட்டு கொடுத்த பாட்டியின் பேரனுக்கு இன்று பள்ளிக்கூடம் சாப்பாடு போடுகிறது. கிண்ணம் வெறுமையாகத் திரும்பவில்லை, பார்த்தீர்களா?

நாம் செய்ய வேண்டியது

வகுப்பில் நான் காண்பதைச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு மங்கு என்றால் தெரியவில்லை, பெரட்டு என்றால் தெரியவில்லை. அது அவர்கள் குற்றமல்ல; நாம் சொல்லவில்லை. சொல்லக்கூடிய பெரியவர்களோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். ஜப்பானியர் காலத்தில் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. இன்னும் பத்தாண்டு கழித்துக் கேட்கலாம் என்று இருந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

ஆகவே மாணவர்களே, வருகிற விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். தாத்தா பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். எந்தத் தோட்டம், எத்தனையாம் லயம், காலையில் என்ன பசியாறினீர்கள், இல்லாத நாளில் என்ன தின்றீர்கள், வாத்தியார் யார் என்று கேட்டு எழுதுங்கள். ஒரு குழம்பின் செய்முறையையாவது அவர்கள் சொல்லுகிற அதே வார்த்தையில் எழுதுங்கள். பள்ளி திறந்ததும் கொண்டு வாருங்கள். நூலகத்தில் வைப்போம்.

பெற்றோர்களே, உங்களிடம் கேட்பது இரண்டுதான். முதலாம் ஆண்டுப் பதிவு வரும்போது, தூரம் என்றோ பக்கத்து வீட்டார் என்ன சொல்வார் என்றோ தயங்காமல் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புங்கள். பள்ளியில் பொங்கல் வைத்தாலும் கூட்டுப்பணி நடத்தினாலும், ஒரு வேளை வந்து ஒரு கை கொடுங்கள். கம்பி வேலிக்குள் அரைவயிற்றோடு இருந்தவர்கள் பள்ளி கட்டினார்கள். வயிறார உண்ணும் நாம் அதைக் காப்பாற்ற மாட்டோமா?

வளர்க தமிழ்ப்பள்ளி! வாழ்க நம் சமுதாயம்!