தேன்மெழுகின் அமில எண்

சருமக் களிம்புகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கேலனிடமிருந்தே தொடங்குவர். தேன்மெழுகையும் ஆலிவ் எண்ணெயையும் உருக்கிப் பன்னீர் சேர்த்துக் குழைத்த களிம்பு அவர் பெயரால் வழங்குகிறது. தடவியதும் நீர் ஆவியாகித் தோல் குளிர்வதால் அது பின்னாளில் 'கோல்டு கிரீம்' ஆயிற்று. இந்தத் தொடக்கத்தை நான் மறுக்கவில்லை. அந்தச் செய்முறையால் இந்திய மெழுகுக்கு நேர்ந்தது என்ன என்பதே என் கேள்வி.

கேலனின் களிம்பில் நீர் நெடுநாள் தங்காது, பிரிந்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெண்காரம் சேர்க்கப்பட்ட பின்னரே இக்குறை தீர்ந்தது. மெழுகில் தனித்துள்ள கொழுப்பமிலங்களோடு வெண்காரம் வினைபுரிந்து சிறிதளவு சோப்பை உண்டாக்குகிறது; எண்ணெயையும் நீரையும் பிணைத்து நிறுத்துவது அந்தச் சோப்புதான். ஆகவே மெழுகில் அமிலம் எவ்வளவு என்பது முதன்மையான வினாவாயிற்று. ஐரோப்பியத் தேனீயின் மெழுகில் அமில எண் ஏறத்தாழ 17 முதல் 24 வரை இருக்கும். மேலை மருந்தியல் நூல்கள் அதையே தேன்மெழுகின் இலக்கணமாக வகுத்தன. மலைத்தேனீ, இந்தியத் தேனீ, கொம்புத்தேனீ ஆகியவற்றின் மெழுகிலோ அது பெரும்பாலும் 10ஐ எட்டுவதில்லை. இந்த அளவுகோலின் முன் தூய மெழுகும் கலப்படம்போல் தோன்றும். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டேவிட் ஹூப்பர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய மெழுகுகளைப் பகுத்தாய்ந்தார். வேறுபாடு தேனீ இனத்தைச் சார்ந்தது, கலப்படத்தால் வந்ததன்று.

ஆயுர்வேதத்தின் சிக்த தைலத்தில் இச்சிக்கலே எழவில்லை. அது நல்லெண்ணெயும் மெழுகும் மட்டுமே சேர்ந்தது. நீர் இல்லாததால் பிணைக்கச் சோப்பு வேண்டியதில்லை. எந்தத் தேனீயின் மெழுகும் பொருந்தும். (மெழுகுக்கு வடமொழியில் 'மதூச்சிஷ்டம்', அதாவது தேனின் எச்சம் என்று பெயர். எச்சத்தை மருந்தாக்கியவர்கள் அதன் அமிலத்தை அளக்கவில்லை.)

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வன விளைபொருள்களுள் தேனையும் மெழுகையும் சேர்த்து, அவற்றைச் சேகரித்து விற்கும் உரிமையை வனவாழ் மக்களுக்கு வழங்கியது. அவ்வரையறை தாவர மூலப் பொருள்களுக்கானது! தேனீயின் வயிற்றுச் சுரப்பி சட்டத்தில் தாவரமாகிவிட்டது. ஆனால் மலைத்தேனீயின் மெழுகு இன்றும் ஐரோப்பியத் தேனீயை வைத்து வகுத்த அமில எண்ணோடு ஒப்பிடப்படுகிறது. இத்தனைக்கும் களிம்பில் வெண்காரத்தைக் குறைத்தோ ஸ்டியரிக் அமிலத்தைச் சிறிது கூட்டியோ அந்த வேறுபாட்டை ஈடுசெய்ய முடியும்.