சேர்வராயன் மலைக் காப்பியும் அதன் இலையும்

சேர்வராயன் மலையில் இன்று காய்க்கும் காப்பிச் செடி, இருநூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே முதன்முதலில் நடப்பட்ட செடி அன்று. தென்னிந்தியக் காப்பி மலைகள் எல்லாவற்றிலும் நடந்தது போலவே இங்கும் வகைகள் வந்தன, சில பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தன, நலிந்தன, வேறொன்றுக்கு இடம் விட்டன. அந்த மாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இலை. காப்பியைக் கொட்டைக்காகத்தான் வளர்க்கிறார்கள். ஆனால் புதிய வகை தேடியவர்கள் செடியின் அருகே சென்றதும் முதலில் இலையைத்தான் திருப்பிப் பார்த்தார்கள். அடிப்புறத்தில் துரு படிந்திருக்கிறதா, நுனித் தளிர் வெண்கல நிறமா பச்சையா என்ற இரண்டு கேள்விகளுக்குள் இந்தச் செடியின் வரலாற்றில் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

சேலம் நகரை அடுத்து எழும் இந்த மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. அடியில் சார்னோகைட் பாறை. மேட்டுச் சிகரங்களில் பாக்சைட். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் அமைந்த சிகரம் 1,600 மீட்டரைத் தாண்டும். இரண்டு பருவமழைகளும் ஓரளவு எட்டும் இடம் இது. மலையாளி எனப்படும் மலைவாழ் மக்கள் சரிவுகளில் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்துவந்த காலத்தில், 1820களில் சேலத்தின் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அவருடைய கிரேஞ்ச் தோட்டத்தின் பெயர் இன்றும் ஏற்காட்டில் வழங்குகிறது. ஆரஞ்சு, பேரி முதலிய பழமரங்களும் அவர் காலத்தில் மலையேறியதாகச் சொல்வார்கள். காப்பிதான் நிலைத்து நின்று மலையின் முகத்தையே மாற்றியது. மலையாளிகளின் மேய்ச்சல் காடும் விதைப்பு நிலமும் இருந்த பல சரிவுகள் எஸ்டேட்டுகளாயின. இந்த மலையின் காப்பி வரலாற்றை எழுதும்போது அந்த இழப்பைச் சொல்லாமல் விட முடியாது.

நடப்பட்டது அரபிகா. இந்தியாவுக்கு அது வந்த கதை பாபா புதன் பெயரோடு பிணைந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஏமனிலிருந்து அவர் ஏழு விதைகளைக் கொண்டுவந்து மைசூர் மலையில் ஊன்றினார் என்பது மரபு. எண்ணிக்கை ஏழாக இருக்கலாம், எழுபதாகவும் இருக்கலாம். வந்த விதை மிகச் சொற்பம் என்பதுதான் முக்கியம். அரபிகா தன் மகரந்தத்தாலேயே கருவுறும் செடி. அதனால் சில விதைகளிலிருந்து பெருகிய தோட்டம் முழுவதும் ஏறக்குறைய ஒரே செடியின் பிரதிகளாகவே இருக்கும். ஒரு செடியை வீழ்த்தும் நோய் எல்லாவற்றையும் வீழ்த்தும். ‘சிக்’ என்று வழங்கிய பழைய வகைக்கு அதுதான் நேர்ந்தது.

முதல் அடி இலையில் விழவில்லை, தண்டில் விழுந்தது. 1860களில் வெண் தண்டுத் துளைப்பான் என்ற வண்டின் புழு மைசூரிலும் குடகிலும் வயநாட்டிலும் செடிகளைக் குடைந்து அழித்தது. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜார்ஜ் பிடி அதை ஆராய்ந்து 1869-இல் அறிக்கை தந்தார். வெயில் நேராக விழும் தோட்டங்களில் வண்டு பெருகுகிறது, நிழல் மரம் வேண்டும் என்பது அவருடைய பரிந்துரைகளில் முக்கியமானது. அதே 1869-இல் இலங்கையிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. பேராதனைத் தோட்டத்தின் தலைவர் துவைட்ஸ் அனுப்பிய காப்பி இலைகளைப் பார்த்த ஆங்கிலேயப் பூஞ்சை இயலாளர் பெர்க்கிலி, அவற்றின் அடிப்புறத்தில் படிந்த ஆரஞ்சுத் தூளை உண்டாக்கும் பூஞ்சைக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். இதுதான் இலைத்துரு நோய். 1870களில் அது தென்னிந்திய மலைகளுக்கும் பரவியது.

துரு பிடித்த இலையின் மேற்பரப்பில் முதலில் மஞ்சள் புள்ளி தோன்றும்; அடியில் ஆரஞ்சு நிறத் தூள். ஒரு புள்ளியிலிருந்தே எண்ணிலடங்காத வித்துகள் காற்றிலும் மழைத்துளியிலும் பரவும். ஈரம் நிற்கும் இலையின் அடிப்புறத் துளைகள் வழியே அவை உள்ளே புகும். 1880 முதல் 1882 வரை இலங்கையில் ஆராய்ந்த ஹாரி மார்ஷல் வார்டு இதைப் படிப்படியாகக் காட்டினார். ஒரே பயிரை மலை மலையாக இடைவெளியின்றி நட்டதுதான் நோய்க்குப் பாதை அமைத்தது என்றும் எச்சரித்தார். இலங்கை காப்பியைக் கைவிட்டுத் தேயிலைக்குப் போனது. மழையற்ற மாதங்கள் நீளும் சேர்வராயனில் காப்பியே தொடர்ந்தது. அதனால் நோயோடு வாழும் வழியை இங்கே தேட வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் பார்பெரி என்னும் முட்புதரின் கதை பொருத்தமானது. கோதுமையின் தண்டுத் துருநோய் தன் வாழ்வின் ஒரு பகுதியைப் பார்பெரி இலையில் கழிக்கிறது என்பதை ஜெர்மானியரான அன்டன் டி பாரி 1865-இல் நிறுவினார். பிறகு 1918-இல் அமெரிக்காவில் ஐரோப்பியப் பார்பெரியை வேரோடு அழிக்கும் பெரும் இயக்கமே தொடங்கியது. கோதுமைத் துருவுக்கு எளிதில் இடம்கொடுக்காத ஜப்பானியப் பார்பெரி மட்டும் தோட்டங்களில் இருக்க அனுமதிக்கப்பட்டது. அதில் செந்நீலம், பொன்மஞ்சள், இளஞ்சிவப்புப் புள்ளி என்று இலை நிறம் மாறிய வகைகளை நாற்றுப் பண்ணைகள் அடுத்தடுத்துத் தேர்ந்தெடுத்தன. காப்பித் துருவுக்கோ இப்படி இடைத்தங்கல் தரும் செடி எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. எந்தப் புதரையும் பிடுங்கி எறிந்து இந்த நோயைத் துண்டிக்க வழியில்லை. இருந்த வழிகள் இரண்டு: மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை மழைக்கு முன்னும் பின்னும் இலையின் அடிப்புறம் நனையத் தெளிப்பது, அல்லது செடியையே மாற்றுவது.

செடியை மாற்றும் வேலை விஞ்ஞானக் கூடத்தில் தொடங்கவில்லை, தோட்டத்தில் தொடங்கியது. ‘சிக்’ போன பின் ‘கூர்க்’ என்ற வகை பரவியது. அதுவும் துருவுக்குத் தளர்ந்தது. 1911-இல் மைசூரில் தொட்டன்குட்டா தோட்டத்தைச் சேர்ந்த கென்ட் என்பவர், நோயுற்ற செடிகளுக்கு நடுவே இலை உதிராமல் நின்ற ஒரு செடியைக் கண்டு அதன் விதையைப் பெருக்கினார். ‘கென்ட்ஸ்’ என்ற பெயரில் அது மலைகள்தோறும் பரவியது. சுமார் பத்தாண்டுகள் துரு அதைத் தொடவில்லை, பிறகு தொட்டது. இந்தத் தோல்வி ஒரு பெரிய உண்மையைக் கொடுத்தது. 1925-இல் மைசூர் அரசு பாலெஹொன்னூரில் நிறுவிய காப்பி ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய மேய்ன், 1930களில் துருப் பூஞ்சையிலேயே வெவ்வேறு இனங்கள் உண்டு என்று காட்டினார். கென்ட்ஸ் மாறவில்லை, அதைத் தாக்கக்கூடிய இனம் பெருகியிருந்தது. செடியைத் தேர்வது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை அன்று என்பது அப்போதிலிருந்து தெளிவாயிற்று.

தேர்வதோடு நில்லாமல் செடிகளைக் கலக்கவும் செய்த பாலெஹொன்னூரின் வேலையைப் புரிந்துகொள்ளக் காப்பிப் பூவைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணுக்களில் மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். கோடையில் ஒரு நல்ல மழை விழுந்தால், அதாவது தோட்டக்காரர்கள் சொல்லும் பூ மழை, ஒன்பது பத்து நாளில் மலை முழுவதும் ஒரே விடியலில் வெள்ளையாகப் பூத்துவிடும். பூ இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். கலப்பவர் முதல் நாள் மாலையிலேயே மொட்டின் இதழ்க்குழலைக் கழற்றி எடுக்கிறார். மகரந்தப் பைகள் இதழோடு ஒட்டியிருப்பதால் அவையும் கூடவே வந்துவிடும். சூல்தண்டு மட்டும் நிற்கும். அதற்குப் பை கட்டி, மறுநாள் வேறு செடியின் மகரந்தத்தைத் தடவுகிறார். காய் பழுக்க எட்டு, ஒன்பது மாதம். விதையை நாற்றாக்கி நட்டால் முதல் காய்ப்புக்கு மூன்று, நான்கு ஆண்டு. ஒரு தலைமுறையின் குணத்தை நம்பிக்கையோடு சொல்ல அதற்கும் மேல் பல அறுவடை வேண்டும். ஆகவே ஒரு புதிய வகை உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் முடிக்கிறார். இந்தப் பொறுமைக்கு உரிய மரியாதை காப்பி குடிப்பவர்களிடம் போதிய அளவு இல்லை.

இவ்வளவு கால வேலையில், கலப்பு உண்மையில் நடந்ததா, செடி தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிட்டதா என்று நாற்றங்காலிலேயே தெரிந்தால் எத்தனையோ ஆண்டு மிச்சம். அதைச் சொல்வது தளிரின் நிறம். அரபிகாவில் டிபிகா என்னும் பழைய வகையின் நுனித் தளிர் வெண்கல நிறம். போர்பன் என்னும் வகையின் தளிர் பச்சை. பிரேசிலின் கேம்பினாஸ் வேளாண் நிறுவனத்தில் க்ருக்கும் கார்வால்யோவும் இந்த நிறம் ஒரே மரபணுவின் கட்டுப்பாட்டில் இருப்பதைக் காட்டினார்கள். அடர் வெண்கலத் தளிர்ச் செடியையும் பச்சைத் தளிர்ச் செடியையும் கலந்தால் பிள்ளைகள் இரண்டுக்கும் இடைப்பட்ட இளவெண்கலம். எனவே பச்சைத் தளிர்ச் செடியைத் தாயாக வைத்து வெண்கலத் தந்தையின் மகரந்தத்தை இட்டால், நாற்றங்காலில் பச்சையாக முளைத்தவை தாய் தானே ஈன்றவை என்று ஒதுக்கிவிடலாம். இளவெண்கலம் கலப்பின் பிள்ளை. சில இலைகள் விரிந்ததுமே விடை கிடைத்துவிடும்.

இன்னொரு நிறம் இதைவிட அழகானது. இலை முழுவதும் செந்நீலமாக வரும் பர்புராசென்ஸ் என்ற அரபிகா வகை உண்டு. ஜாவாவில் பணியாற்றிய டச்சுத் தாவரவியலாளர் கிராமர் பெயரிட்ட வகை அது. விளைச்சல் குறைவு என்பதால் யாரும் அதைக் கொட்டைக்காக நடுவதில்லை. செந்நீல நிறம் ஒடுங்கு குணம். இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். பச்சைச் செடிகளுக்கு நடுவே ஒரு செந்நீலச் செடியை வைத்து அதன் விதைகளை முளைக்கவிட்டால், பச்சையாக வரும் நாற்று ஒவ்வொன்றும் காற்றோ தேனீயோ கொண்டுவந்த அயல் மகரந்தத்தின் பிள்ளை. அரபிகா பெரும்பாலும் தன்னையே கருவுறுத்திக்கொள்ளும், நூற்றில் ஏறக்குறைய பத்து விதைதான் அயல் மகரந்தத்தில் உண்டாகிறது என்ற முடிவு இத்தகைய அடையாளச் செடிகளை வைத்துக் கணக்கிட்டதுதான். ஐரோப்பியத் தோட்டங்களில் செந்நீலப் பார்பெரி வேலி அழகுக்குப் பயன்பட்டது. காப்பியில் அதே செந்நீலம் ஆய்வாளரின் அளவுகோல் ஆயிற்று.

பாலெஹொன்னூரின் மிகப் பெரிய வெற்றி எஸ்.795 என்னும் வகை. அரபிகாவும் லைபீரிகா என்னும் வேறொரு காப்பி இனமும் இயற்கையாகக் கலந்து மைசூரின் தூப்லா தோட்டத்தில் முளைத்த ஒரு செடி எஸ்.26. அதன் வழித்தோன்றல் எஸ்.288 துருவைத் தாங்கியது. ஆனால் லைபீரிகாவின் சாயலால் கொட்டையின் தரம் சற்றுத் தாழ்ந்தது. அதைக் கென்ட்ஸோடு கலந்து தரத்தை மீட்டதில் பிறந்தது எஸ்.795. 1940களில் தோட்டங்களுக்கு வந்த இந்த வகை சேர்வராயன் உட்பட இந்திய அரபிகா மலைகளின் முதுகெலும்பாயிற்று. இந்தோனேசியாவிலும் இது வேரூன்றியது. அங்கே அதற்கு ஜெம்பெர் என்று பெயர். காப்பியின் துரு எதிர்ப்பு மரபணுக்களுக்கு ஆய்வாளர்கள் இட்ட வரிசையில் மூன்றாவது லைபீரிகாவிலிருந்து வந்தது. அதை உலகுக்குத் தந்தது இந்தியத் தோட்டத்தில் முளைத்த ஒரு தற்செயல் செடி. இந்தியக் காப்பி ஆய்வில் இதற்கு இணையான சாதனை வேறில்லை.

அடுத்த மரபணுக்கள் திமோர் தீவிலிருந்து வந்தன. அங்கே ஒரு தோட்டத்தில் அரபிகாவும் ரோபஸ்டா என்னும் இன்னொரு காப்பி இனமும் இயற்கையாகக் கலந்த ஒரு செடி துருவே படாமல் நின்றது. அரபிகாவுக்குக் குரோமோசோம்கள் 44, ரோபஸ்டாவுக்கு 22; இவை இணைவது அபூர்வம். போர்ச்சுக்கலில் ஒய்ராசில் 1955-இல் அமைந்த காப்பித் துரு ஆய்வு மையம் அந்தத் திமோர் செடியைக் குள்ள வகையான கட்டுராவோடு கலந்து கட்டிமோரை உண்டாக்கியது. அதிலிருந்து தேர்ந்தது 1985-இல் இந்தியாவில் ‘காவேரி’ என்ற பெயரில் வந்தது. குள்ளமாக, நெருக்கி நட ஏற்றதாக, இளமையிலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்தது. தோட்டக்காரர்கள் மகிழ்ந்து நட்டார்கள். சில ஆண்டுகளில் புதிய துரு இனங்கள் இலையில் ஏறின. அதிகமாகக் காய்த்த கிளைகள் காய்ந்தன. தண்டுத் துளைப்பானும் சேர்ந்துகொண்டது. பலர் எஸ்.795-க்கே திரும்பினார்கள். 2007-இல் வந்த சந்திரகிரி, திமோர் செடியை வில்லா சார்ச்சி என்ற மற்றொரு குள்ள வகையோடு கலந்த மரபில் தேர்ந்தது. அகன்று தடித்த கரும்பச்சை இலைகளால் அதைத் தூரத்திலேயே அடையாளம் காணலாம்.

இன்று சேர்வராயன் மலைக் காப்பி பெரும்பாலும் அரபிகாதான். சில்வர் ஓக்கின் மேல் மிளகுக் கொடி, அடியில் காப்பி, இடையே பலா, ஆரஞ்சு என்பது பழகிய காட்சி. பெரிய எஸ்டேட்டுகளோடு மலையாளிச் சிறு விவசாயிகளின் நிலங்களிலும் காப்பி விளைகிறது. தமிழ்நாட்டுக் காப்பிக்கான வட்டார ஆய்வு நிலையம் பழனி மலையில் தாண்டிக்குடியில் இருக்கிறது. துருவின் விஷயத்தில் இங்குள்ள தோட்டக்காரர்களுக்குத் தேர்ந்தெடுக்க வகைகள் உண்டு. தண்டுத் துளைப்பானுக்கு அப்படி இல்லை. அதை முழுமையாகத் தாங்கும் அரபிகா இன்னும் உருவாகவில்லை. வண்டு முட்டையிடப் பறக்கும் கோடைக்கு முன்னும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கு முன்னும், தண்டின் தளர்ந்த பட்டையைத் தேய்த்து எடுக்கிறார்கள். புழு ஏறிய செடியை அடியோடு பிடுங்கி எரிக்கிறார்கள். நிழல் மரத்தின் கிளைகளை அளவாகக் கவாத்து செய்து வெயிலைக் கட்டுப்படுத்துகிறார்கள். ஒவ்வொரு எஸ்டேட்டிலும் ஆண்டுக்கு இரண்டு முறை செடி செடியாகத் தடவிப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது.