குழந்தைக்கும் நாய்க்கும் ஒரே சங்கம்: ரொறன்ரோவில் ஃபொஸ்டர் வீடு வந்த கதை

போன வருடம் மாசி மாதம், பனி முழங்கால் உயரத்துக்குக் கொட்டிக் கிடந்த ஒரு சனிக்கிழமை, ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு நாய் வந்தது. பெயர் கூப்பர். ஒன்ராறியோவின் வடக்கில் இருந்து ஒரு மீட்பு அமைப்பு கொண்டுவந்த கறுப்பு நாய். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது மடிந்து கிடக்கும்.

"ஆற்ற நாய் இது?" என்று அம்மம்மா கேட்டார்.

"ஒருத்தற்றையும் இல்லை அம்மம்மா. நல்ல வீடு ஒண்டு கிடைக்கிற வரைக்கும் எங்களோட நிக்கும்."

"பிறகு?"

"பிறகு குடுத்திடுவம்."

"குடுக்கிறதுக்கு ஏன் கொண்டு வந்தனி?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அம்மாவுக்கு வேறு கவலை. "நாயை ஆரும் வீட்டுக்குள்ள விடுவினமோ?" என்றார். எங்கள் ஊரில் சந்திக்குச் சந்தி வைரவர் கோயில் இருக்கும், வைரவருக்கு வாகனம் நாய். கோயிலில் கும்பிடுவோம், வீட்டில் வாசலோடு நிறுத்திவிடுவோம். ஆனால் மறை 18 பாகை குளிரில் வாசலில் நிறுத்த முடியாதே. கூப்பர் உள்ளே வந்தது. அம்மம்மாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "கூப்பன்" என்று கூப்பிடத் தொடங்கினார். இலங்கையில் முன்பு சங்கக் கடையில் அரிசியும் சீனியும் வாங்கப் பாவித்த பங்கீட்டு அட்டைக்குப் பெயர் கூப்பன். நாய் அதற்கும் வாலை ஆட்டியது.

அம்மம்மாவின் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. கொடுப்பதற்காக ஏன் கொண்டுவருவது? இந்த ஃபொஸ்டர் என்ற யோசனை எங்கிருந்து வந்தது? தேடிப் போனால், பதிலின் பெரும் பகுதி எங்கள் நகரத்திலேயே, யங் வீதியிலேயே இருந்தது.

யங் வீதியில் இரண்டு பிள்ளைகள்

1864 இல் அயர்லாந்தின் டண்டால்க் என்ற ஊரில் ஜோன் ஜோசப் கெல்சோ பிறந்தார். பத்து வயதில் குடும்பத்தோடு ரொறன்ரோவுக்கு வந்தார். புலம்பெயர்ந்த ஏழைக் குடும்பம். சின்ன வயதிலேயே வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அச்சுக்கூடத்தில் வேலை பழகி, பிறகு பத்திரிகைச் செய்தியாளர் ஆனார்.

ஓர் இரவு அவர் யங் வீதியில் நடந்துபோகும்போது, பிச்சை எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளைக் கண்டார். கையில் காசு இல்லாமல் வீட்டுக்குப் போனால் அடி விழும் என்று அவர்கள் பயந்து அழுதார்கள். கெல்சோ அவர்களைக் கூட்டிக்கொண்டு இடம் இடமாக அலைந்தார். அநாதை இல்லங்கள் இருந்தன, தர்ம நிலையங்கள் இருந்தன. ஆனால் அந்த இரவில் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு கதவு திறப்பது பெரும் பாடாக இருந்தது. அவர்களைக் கொடுமையிலிருந்து காப்பாற்றப் போதிய சட்டமும் இல்லை.

1887 மாசி மாதம் கனேடியன் இன்ஸ்டிடியூட் என்ற அறிவியல் சங்கத்தில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். நகரத்துக்கு ஒரு மனிதநேயச் சங்கம் வேண்டும் என்பதே அதன் சாரம். அப்போது அவருக்கு வயது 22. அந்த மாதமே பொதுக்கூட்டம் கூடியது, ரொறன்ரோ ஹியூமேன் சொசைட்டி பிறந்தது. இன்று நாய், பூனை தத்தெடுக்க நாங்கள் போகும் அதே சங்கம்தான்.

ஆனால் அது தொடங்கியபோது விலங்குகளுக்கு மட்டும் உரிய சங்கம் இல்லை. பிள்ளைகளையும் விலங்குகளையும் சேர்த்தே காக்க வந்தது. அன்று ரொறன்ரோவின் ட்ராம் வண்டிகளைக் குதிரைகளே இழுத்தன. களைத்து விழும் குதிரை, அடிபடும் நாய், குளிரில் பத்திரிகை விற்கும் சிறுவன் எல்லாரும் ஒரே வீதியில்தான் நின்றார்கள். வாய் திறந்து முறையிட முடியாதவர்கள் என்ற வகையில் சங்கம் அவர்களை ஒன்றாகவே பார்த்தது.

இது ரொறன்ரோவுக்கு மட்டும் உரிய வினோதம் அல்ல. நியூயோர்க்கில் 1866 இலேயே விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் வந்துவிட்டது. 1874 இல் அங்கே மேரி எலன் என்ற சிறுமியை வளர்ப்புத் தாய் கொடுமைப்படுத்திய செய்தி வெளியே வந்தபோது, அவளை மீட்க வழக்காட உதவியவர் அந்தச் சங்கத்தைத் தொடங்கிய ஹென்றி பேர்க். அதன் பிறகுதான் பிள்ளைகளுக்கென்று தனியே ஒரு பாதுகாப்புச் சங்கம் அங்கே உருவானது.

கட்டடமா, வீடா?

விரைவிலேயே கெல்சோவுக்கு ஒன்று விளங்கியது. பிள்ளைகளின் வேலை பெரிது, அதற்குத் தனி அமைப்பு வேண்டும். 1891 இல் ரொறன்ரோ சிறுவர் உதவிச் சங்கத்தைத் தொடங்கினார். 1893 இல் ஒன்ராறியோ சிறுவர் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி கைவிடப்பட்ட பிள்ளைகளைக் கவனிக்கும் மாகாண அதிகாரியாகக் கெல்சோ நியமிக்கப்பட்டார். 1934 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அந்தச் சட்டத்தின் பின்னால் ஒரு விவாதம் இருந்தது. கைவிடப்பட்ட பிள்ளையைப் பெரிய இல்லத்தில் நூறு பேரோடு வைத்து வளர்ப்பதா, ஒரு குடும்பத்தோடு விடுவதா? கெல்சோ குடும்பத்தின் பக்கம் நின்றார். எவ்வளவு சுத்தமான கட்டடமானாலும் அது வீடாகாது என்பது அவர் நம்பிக்கை. இப்படித்தான் ஃபொஸ்டர் வீடு ஒன்ராறியோவின் சட்டத்துக்குள் வந்தது.

இதில் இருண்ட பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1869 முதல் 1948 வரை பிரித்தானியாவிலிருந்து ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏழைப் பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றிக் கனடாவுக்கு அனுப்பினார்கள். நல்ல குடும்பம் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பியவர்களில் பலர், பண்ணைகளில் சம்பளம் இல்லாத வேலையாட்கள் ஆனார்கள். வீடு கிடைத்தால் மட்டும் போதாது, அது எப்படிப்பட்ட வீடு என்று யாராவது போய்ப் பார்க்கவும் வேண்டும். இன்று ஒரு நாயை ஃபொஸ்டர் செய்யக் கேட்டாலே படிவம் நிரப்பச் சொல்கிறார்கள், நேர்காணல் வைக்கிறார்கள், வீட்டைப் பார்க்கிறார்கள். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. அந்தப் பிள்ளைகளின் கதையைப் படித்த பிறகு எரிச்சல் போய்விட்டது.

நாய்களுக்கு மட்டும் தாமதம்

பிள்ளைகளுக்குக் கட்டடத்தை விட வீடு நல்லது என்று 1893 இலேயே சட்டம் எழுதியாயிற்று. அவர்களோடு ஒரே சங்கத்தில் இருந்த நாய்களுக்கு அந்த நியாயம் வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

1860 இல் லண்டனில் மேரி டீல்பி என்ற பெண் தெருவில் பட்டினி கிடந்த நாய்களுக்கு ஒரு புகலிடம் திறந்தார். அதற்கு அவர் வைத்த பெயரிலேயே தற்காலிக வீடு என்ற சொற்கள் இருந்தன. மனிதர் பசியில் கிடக்க நாய்க்கு வீடா என்று பத்திரிகை கேலி செய்தது. 1871 இல் அது பட்டர்சி என்ற இடத்துக்கு மாறி, இன்றும் இயங்குகிறது. அதன் பிறகு பல நகரங்களில் நாய்க் காப்பகங்கள் வந்தன. ஆனால் கூண்டுகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை, வரும் நாய்கள் அப்படியல்ல. கூண்டு நிரம்பினால், யாரும் தேடி வராத நாயைக் கொன்றார்கள். 20 ஆம் நூற்றாண்டின் பெரும் பகுதியில் வட அமெரிக்கக் காப்பகங்களில் இதுவே வழமை.

மாற்றம் மெல்ல வந்தது. 1994 இல் சான் பிரான்சிஸ்கோவில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கமும் நகர நிர்வாகமும் ஒரு ஒப்பந்தம் செய்தன: தத்துக் கொடுக்கக்கூடிய எந்த நாயையும் பூனையையும் கொல்வதில்லை. இப்படி ஒரு வாக்குக் கொடுத்தால் அடுத்த கேள்வி உடனே எழும். கொல்லாவிட்டால் எங்கே வைப்பது?

அந்தக் கேள்வியின் பாரத்தை ரொறன்ரோவும் அனுபவித்தது. கெல்சோ தொடங்கிய அதே சங்கம் ஒரு காலத்தில் மிகக் குறைவாகவே விலங்குகளைக் கொல்கிறோம் என்று பெருமையாகச் சொன்னது. ஆனால் கட்டடம் நிரம்பி வழிகிறது, நோயுற்ற விலங்குகளுக்குச் சரியான கவனிப்பு இல்லை என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன. 2009 கார்த்திகையில் ரிவர் வீதிக் கட்டடத்துக்குள் விசாரணை அதிகாரிகள் நுழைந்தார்கள். வழக்குகள் 2010 இல் கைவிடப்பட்டன. சங்கம் சில காலம் மூடிக் கிடந்து, அதே ஆண்டு புதிய நிர்வாகத்தோடு மீண்டும் திறந்தது. யார் சரி, யார் பிழை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கொல்லாமல் இருப்பது பாதி வேலைதான். மற்றப் பாதி, அந்த நாய் போய்ப் படுக்க ஒரு வீடு. கட்டடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போக முடியாது. ஆனால் நகரத்தில் ஏற்கெனவே இலட்சக்கணக்கான வீடுகள் இருக்கின்றன.

சென்னையில் இரண்டு குட்டிகள்

தமிழர்களிடம் இப்படி ஒரு கதை உண்டா என்று தேடினேன். உண்டு. 1959 இல் சென்னையில் பெரு மழை. தி. நகரில் வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைத் தூக்கித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார் விமானி கப்டன் சுந்தரம். அவர் மனைவி உஷாவும் விமானிதான். அந்த வீட்டில் தொடங்கியதுதான் இந்தியப் புளூ கிராஸ். அங்கேயும் முதலில் இருந்தது கட்டடம் இல்லை, ஒரு வீட்டுக்காரரின் மனசு.

ஆங்கிலேயர் காலத்திலிருந்தே சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. கொன்று கொன்றும் நாய்கள் குறையவில்லையே, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு அதே தெருவில் விடுங்கள் என்று புளூ கிராஸ் 1960களிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. 1996 இல்தான் மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. 2001 இல் இந்தியா முழுவதற்கும் அதுவே விதியானது. அங்கே நாய்க்கு ஒரு தெரு இருக்கிறது, சோறு வைக்கும் நாலு வீடு இருக்கிறது. ரொறன்ரோவின் குளிரில் தெரு நாயைக் காப்பாற்றாது. இங்கே ஒன்றில் வீடு, இல்லையென்றால் கூண்டு.

"அப்படியென்றால் யாழ்ப்பாணத்து நாய் ஒன்றைக் கொண்டுவந்து ஃபொஸ்டர் செய்யலாமா?" என்று என் தம்பி கேட்டான். இப்போது முடியாது. விசர் நோய் அபாயம் கூடிய நாடுகளிலிருந்து தத்துக்கும் ஃபொஸ்டருக்கும் நாய்கள் கொண்டுவருவதை 2022 புரட்டாதி 28 முதல் கனடா தடுத்திருக்கிறது. இலங்கையும் இந்தியாவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உதவ விரும்பினால் அங்கே தடுப்பூசியும் கருத்தடையும் செய்கிறவர்களுக்கு உதவலாம். வீட்டில் இடம் இருந்தால், இங்கே கூண்டில் இருக்கும் நாய்க்குக் கொடுக்கலாம்.

கூப்பன் போன நாள்

ஃபொஸ்டர் என்பதற்குத் தமிழில் சொல் இல்லையா என்று பலர் கேட்பார்கள். சங்கப் பாடல்களில் நற்றாய், செவிலித்தாய் என்று இரண்டு தாய்மார் வருவார்கள். நற்றாய் பெற்றவள், செவிலி வளர்த்தவள். பெண் தன் காதலனோடு ஊரை விட்டுப் போகும்போது, அவளைத் தேடிக்கொண்டு பாலை வழியே நடப்பவள் அந்தச் செவிலி. தன் வயிற்றில் பிறக்காத ஒன்றை வளர்ப்பதும், அது போகும்போது நெஞ்சு நோவதும் எங்கள் இலக்கியத்துக்குப் புதிது இல்லை.

மீட்பு அமைப்புகள் புதிதாக வரும் நாய்க்கு ஒரு கணக்குச் சொல்லும்: பயம் தெளிய மூன்று நாள், பழக்கம் பிடிபட மூன்று கிழமை, இது என் வீடு என்று நம்ப மூன்று மாதம். கூப்பர் முதல் மூன்று நாளும் மேசைக்குக் கீழேயே கிடந்தது. மூன்றாம் கிழமை அம்மம்மாவின் கதிரையடியில் படுத்தது. சாப்பாட்டுச் செலவும் வைத்தியச் செலவும் அமைப்பினுடையவை. பல இடங்களில் அப்படித்தான். நாங்கள் கொடுத்தது இடமும் நேரமும். கூண்டில் குரைத்துக்கொண்டு நின்றிருந்தால் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும் விஷயங்களை நாங்கள் எழுதி அனுப்பினோம்: பிள்ளைகளோடு நல்லது, இடிக்குப் பயம், புட்டு என்றால் உயிர்.

ஒன்பதாம் கிழமை ஒசாவாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கூப்பர் அவர்களின் காரில் ஏறியது. திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதத்தான் விருப்பம், ஆனால் பார்த்தது. நான் அழுதேன்.

அன்று இரவு அம்மா தேநீரோடு என் அறைக்கு வந்தார். "நான் கனடாவுக்கு வந்த புதுசில ஏழு மாசம் ஒரு அன்ரியின்ர பேஸ்மென்டில இருந்தனான். சொந்தம் இல்லை. முன்பின் தெரியாது. பஸ் எடுக்கக் காட்டித் தந்தவ, குளிர்க் கோட்டு வாங்கித் தந்தவ. சூட்கேசை நான் முழுசாத் திறக்கவே இல்லை, எப்பிடியும் போகப் போறன் எண்டு தெரியும். போகேக்க அவ கதவடியில நிண்டு அழுதவ. எனக்கு அப்ப விளங்கேல்ல, போற ஆளுக்கு ஏன் அழுகினம் எண்டு."

கீழே அம்மம்மா கூப்பரின் தண்ணீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். அதைப் பெட்டிக்குள் வைக்கவா என்று கேட்டேன்.

"வேண்டாம், வெளியில இருக்கட்டும்," என்றார். "அடுத்தது எப்ப வருது?"